இணக்கி இணங்கிய கதை



மோடம் என்னும் கருவிக்குத் தமிழில் 'இணக்கி' என்றொரு பெயருண்டு. இரு கணினிகளைத் தொலைபேசிக் கம்பி வழியே இணங்கவைப்பது அது. அவை முதலில் இணங்க வேண்டியது வேகத்தில்!

1987ஆம் ஆண்டு மிமோஸ் நிறுவனத்தில் முனைவர் முகமட் அவாங் லா 'ரங்கோம்' என்னும் வலையமைப்பைத் தொடங்கினார். பல்கலைக்கழகக் கணினிகள் தொலைபேசிவழி அழைத்து மின்னஞ்சல்களைப் பரிமாறிக்கொண்டன. அக்கால இணக்கிகள் வினாடிக்கு 300, 1200, 2400 பிட் எனப் பல வேகத்தின. ஓர் எழுத்துக்குப் பத்து பிட் எனக் கொண்டால், 1800 எழுத்துடைய பக்கம் 300இல் ஒரு நிமிடம் பிடிக்கும். 2400இல் ஏழரை வினாடி போதும்.

அழைப்பவரின் வேகம் என்ன என்பதை யூனிக்ஸ் கணினி எவ்வாறு அறியும்? தொலைபேசி வாயிலில் 'கெட்டி' என்னும் நிரல் காத்திருக்கும். அது 2400இல் பேச, அழைத்தவர் 1200இல் கேட்டால், 'லாகின்' என்ற சொல் குப்பை எழுத்துகளாகத் திரையில் சிதறும். உடனே அவர் 'பிரேக்' விசையை அழுத்துவார். பிரேக் என்பது எழுத்தன்று. சற்றே நீளும் ஒரே குறி. ஆதலால் எவ்வேகத்தில் கேட்பவருக்கும் அது விளங்கும். கெட்டி தன் 'கெட்டிடெஃப்ஸ்' பட்டியலில் அடுத்த வேகத்துக்கு மாறி, மீண்டும் பெயர் கேட்கும். பட்டியல் முடிந்தால் முதலிலிருந்து தொடங்கும். சொல் தெளியும்வரை இது சுழலும்.

1992இல் ஜாரிங் வழியே நாடு இணையத்தோடு இணைந்தது. அந்தப் பன்னாட்டு இணைப்பின் வேகம் வினாடிக்கு 64,000 பிட். 1998இல் வந்த வி.90 தரத்தின்படி வீட்டு இணக்கியே 56,000 பிட் வரை பெறலாம் என்றாயிற்று! அதற்குள் வேகத்தைப் பேசி முடிக்கும் பணியை இணக்கிகளே ஏற்றிருந்தன. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் வீடுகளில் ஒலித்த அந்தக் கீச்சொலி அப்பேச்சின் ஓசையே. கம்பியில் இரைச்சல் மிகுந்தால் இரண்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இவ்வரலாற்றில் என்னைக் கவர்வது ஒன்று. வேகம் பொருந்தாதபோது அந்தப் பெரிய கணினி அழைத்தவரைக் குறை கூறவில்லை, தானே மாறியது. வகுப்பில் ஒரு மாணவன் "புரியவில்லை, ஐயா" என்கிறான். நாமோ அதே வேகத்தில், இன்னும் உரக்க, மீண்டும் சொல்கிறோம். அவனுக்குக் கிடைப்பதோ அதே குப்பை எழுத்துகள்.

அவன் அழுத்தியது பிரேக் விசை. மாற வேண்டியவர் நாம்.