மங்களூர் வணிகத்தைப் பேசும் கெய்ரோ காகிதங்கள்: கேம்பிரிட்ஜ் நூலகத்தின் அரிய யூதச் சுவடிகள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படும் 'டெய்லர்-ஷெக்டர்' தொகுப்பு, இடைக்கால யூதர்களின் வாழ்வை அறிய உதவும் மிகப்பெரிய சுவடித் தொகுப்பாகும். சுமார் 1.93 லட்சம் துண்டுகளைக் கொண்ட இத்தொகுப்பு, 12-ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரையில் நடைபெற்ற கடல் வணிகத்துக்கும் முக்கியச் சான்றாக விளங்குகிறது.

கெனிஸா என்பது என்ன?

இறைவனின் பெயர் எழுதப்பட்ட ஏடுகளைக் குப்பையில் எறிவது யூத மரபில் தகாத செயலாகும். பழுதடைந்த ஏடுகளை ஓர் அறையில் சேர்த்து வைத்து, பின்னர் இடுகாட்டில் புதைப்பது வழக்கம். அந்த அறையே 'கெனிஸா' எனப்படுகிறது. பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தின் கெனிஸாவில் இருந்த ஏடுகளில் பெரும்பகுதி புதைக்கப்படாமல், பல நூற்றாண்டுகளாக அங்கேயே குவிந்து கிடந்தது. எகிப்தின் வறண்ட காற்று அவற்றை அழியாமல் காத்தது.

மறைநூல்கள் மட்டுமின்றி கடிதங்கள், கணக்குகள், திருமண ஒப்பந்தங்கள், குழந்தைகளின் எழுத்துப் பயிற்சித் தாள்கள் ஆகியவையும் அங்கு சேர்ந்தன. அக்கால யூத வணிகர்கள் அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதியதால், அவர்களது அன்றாடக் கடிதங்களும் இதில் இடம்பெற்றுள்ளன.

கேம்பிரிட்ஜ் வந்தது எப்படி?

ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் தங்கள் பயணத்தில் வாங்கி வந்த ஓர் ஏட்டை, கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் 1896-ஆம் ஆண்டு மே மாதம் ஆராய்ந்தார். அது பென் சீராவின் ஞான நூலுடைய எபிரேய வடிவம் என அவர் கண்டறிந்தார். அதே ஆண்டு இறுதியில் அவர் கெய்ரோ சென்றார். கல்லூரித் தலைவர் சார்லஸ் டெய்லர் இப்பயணத்துக்கு நிதியுதவி செய்தார். யூத சமூகத் தலைவர்களின் இசைவுடன் கொண்டுவரப்பட்ட ஏடுகள் 1898-ல் பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டன.

இந்தியத் தொடர்பு

தொடக்க கால அறிஞர்கள் சமய நூல்களிலேயே கவனம் செலுத்தினர். வணிகக் கடிதங்களின் மதிப்பை உணர்த்தியவர்களில் முதன்மையானவர் எஸ்.டி.கோய்ட்டைன். மறைவுக்குப் பின் 2008-ல் வெளியான இவரது நூல், இந்திய வணிகர்கள் குறித்த ஆவணங்களைத் தொகுத்தளிக்கிறது.

இவற்றில் வரும் ஆபிரகாம் பென் யிஜு, துனீசியாவைச் சேர்ந்த வணிகர். 1132 முதல் 1149 வரையிலான காலத்தின் பெரும்பகுதியை மங்களூர் உள்ளிட்ட மலபார் கரைப் பகுதிகளில் கழித்தார். இங்கு அவர் வெண்கலப் பட்டறை நடத்தினார். ஏடனிலிருந்து உடைந்த பாத்திரங்கள் வந்தன; இங்கிருந்து புதிய பாத்திரங்களும் மிளகு, பாக்கு, இரும்பு ஆகியவையும் சென்றன. இங்கு காகிதம் கிடைப்பது அரிதாக இருந்ததால், ஏடன் நண்பர்கள் அதையும் அனுப்பி வைத்தனர். அவருக்காகக் கடல் கடந்து சென்று வணிகம் செய்த பொம்மா என்ற பணியாளரைப் பற்றிய குறிப்புகளும் கடிதங்களில் உள்ளன. இவரைத் தேடிய பயணமே அமிதாவ் கோஷின் 'இன் ஆன் ஆன்டிக் லேண்ட்' நூலாக 1992-ல் வெளிவந்தது.

தத்துவ அறிஞர் மைமோனிடிஸின் தம்பி தாவீது எழுதிய கடிதமும் இந்நூலகத்தில் உள்ளது. செங்கடல் துறைமுகமான அய்தாபில் வாங்கத் தகுந்த சரக்கு இல்லாததால் இந்தியாவுக்குக் கப்பலேறப் போவதாகவும், கவலைப்பட வேண்டாம் எனவும் அவர் அதில் எழுதியுள்ளார். பின்னர் தாவீது இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். அவரது மனைவியும் சிறு மகளும் மைமோனிடிஸின் பொறுப்பில் விடப்பட்டனர். துயரத்தால் ஏறத்தாழ ஓராண்டு படுக்கையில் கிடந்த அவர், பின்னர் மருத்துவத் தொழிலால் குடும்பத்தைக் காத்தார்.

இன்றைய நிலை

கெனிஸா ஏடுகள் ஆக்ஸ்ஃபோர்டு, மான்செஸ்டர், நியூயார்க், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எனப் பல நகரங்களில் சிதறியுள்ளன. ஒரே கடிதத்தின் இரு பாதிகள் இரு நாடுகளில் இருப்பதும் உண்டு. லூயிஸ்-கிப்சன் சகோதரிகளின் 1,700-க்கும் மேற்பட்ட துண்டுகளை கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் 2013-ல் 12 லட்சம் பவுண்டுக்குக் கூட்டாக வாங்கின.

கேம்பிரிட்ஜில் 1974 முதல் இதற்கெனத் தனி ஆய்வுப் பிரிவு இயங்கி வருகிறது. பல்லாயிரக்கணக்கான ஏடுகளின் படங்களை நூலகத்தின் மின்னணுப் பக்கத்தில் எவரும் கட்டணமின்றிக் காணலாம்.