கைதி முகாமில் பிறந்த புத்தகம்

1962-ம் வருஷம் நான் தில்லி கரோல்பாக்கில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சீன யுத்தம் வந்தது. தேசப் பாதுகாப்பு நிதிக்காக என் தாயார் கைவளையல்கள் இரண்டைக் கழற்றிக் கொடுத்தாள். "நம்ம ஜவான்கள் ஏம்ப்பா தோத்துப் போனா?" என்று தகப்பனாரைக் கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு பதில் கிடைத்தது பல வருஷங்கள் கழித்து, ஒரு பழைய புத்தகக் கடையில். புத்தகத்தின் பெயர் 'ஹிமாலயன் பிளண்டர்'. எழுதியவர் பிரிகேடியர் ஜான் பரசுராம் தள்வி.

தள்வி 1920-ல் இராக்கிலுள்ள பாஸ்ராவில் பிறந்தவர், பம்பாயில் படித்தவர். பலூச் ரெஜிமெண்டில் அதிகாரியாகி, இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா போர்முனையைக் கண்டவர். 1962 ஆரம்பத்தில், அன்று நேஃபா என்று அழைக்கப்பட்ட இன்றைய அருணாசலப் பிரதேசத்தில், 7-வது பிரிகேடின் தலைமையை ஏற்றார்.

அவ்வருஷம் செப்டம்பர் 8-ம் தேதி, நம்கா சூ ஆற்றங்கரையிலிருந்த நமது தோலா காவல் நிலையைச் சீனர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களை விரட்டும்படி தில்லியிலிருந்து உத்தரவு பிறந்தது. எதைக் கொண்டு விரட்டுவது? சமவெளியிலிருந்து அவசரமாக ஏற்றப்பட்ட சிப்பாய்களின் உடம்பில் பருத்தி உடுப்பு. தோட்டா, பையில் கொண்டுவந்ததுதான். விமானத்திலிருந்து போடும் சாமான்களில் பெரும் பகுதி பள்ளத்தாக்கில் விழுந்து மறைந்தது. எதிர்க் கரையிலோ சீனர்கள் மேட்டில் இருந்தார்கள். இந்த இடத்தில் நின்று சண்டை போட முடியாது என்று தள்வியும், அவருக்கு மேலிருந்த சில தளபதிகளும் சொல்லிப் பார்த்தார்கள். பலனில்லை. அக்டோபர் 12-ம் தேதி இலங்கைக்குப் புறப்பட்ட பிரதமர் நேரு, சீனர்களை அப்புறப்படுத்த ராணுவத்துக்கு உத்தரவிட்டிருப்பதாக பாலம் விமான நிலையத்தில் நிருபர்களிடம் கூறினார். அதற்குப் பின் பிரிகேடைப் பின்வாங்கச் சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை.

அக்டோபர் 20 விடியற்காலையில் பீரங்கிகள் முழங்கின. சில மணி நேரத்தில் பிரிகேட் சிதறியது. 2-வது ராஜபுத்திர பட்டாலியனில் மட்டும் களத்திலிருந்த 513 பேரில் 282 பேர் மாண்டார்கள். ஒரு சிறு குழுவுடன் மலைகளில் வழி தேடி நடந்த தள்வி, 22-ம் தேதி சிறைப்பட்டார்.

நவம்பர் 21 இரவு. திபெத்தில் தனிமைச் சிறையிலிருந்த அவரை ஒரு சீன மேஜர் எழுப்பி, நல்ல செய்தி என்று ஆரவாரம் செய்தாராம். யுத்தம் முடிந்தது, பிடித்த இடங்களிலிருந்து சீனா தானே விலகப் போகிறது என்பதுதான் செய்தி. ஜெயித்தவன் தயவு பண்ணித் திரும்பிப் போவதைக் கைதியாக இருந்து கேட்கும் நிலை! நடந்த உண்மையை என்றாவது ஒரு நாள் தேசத்துக்குச் சொல்லியே தீருவது என்று அந்த இரவில்தான் அவர் சபதம் செய்துகொண்டார். 1963 மே மாதம் விடுதலையாகி வந்து, பின்னர் ராணுவத்தை விட்டு விலகி, 1969-ல் சபதத்தை நிறைவேற்றினார்.

நேரு, கிருஷ்ண மேனன், ஜெனரல் கௌல் என்று யாரையும் அவர் விடவில்லை. பாதிக்கப்பட்டவர் எழுதியது என்பதால் சற்று நிதானித்துப் படிக்க வேண்டியதுதான். ஆனால் எதிர்க்கட்சிகள், பத்திரிகைகள், பொதுஜன அபிப்பிராயம் என்று குற்றவாளிகளை எண்ணும்போது, ராணுவத் தலைமையின் தவறில் தமக்கும் பங்கு உண்டு என்று தம்மையும் சேர்த்துக்கொள்கிறார். தன் கட்சியை மட்டும் பேசுகிறவர் இப்படி எழுதமாட்டார். அதே தோல்வியைப் பற்றி 1963-ல் சமர்ப்பிக்கப்பட்ட ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசாங்கம் வெளியிடவில்லை. அதன் ஒரு பகுதி 2014-ல் வேறு வழியாகத்தான் வெளியே வந்தது. அத்தனை காலமும் சாமானிய மனிதனுக்கு உண்மையைச் சொன்னவற்றில் முக்கியமானது இந்தப் புத்தகம்.

தள்வி 1974-ல் காலமானார். எழுதாமல் போயிருந்தால், குளிரில் மாண்ட அந்தச் சிப்பாய்கள் கோழைகள் என்றே ஊர் நினைத்திருக்கும்.

நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் முப்படைகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் உண்டு. அவர்களுக்கு என் விண்ணப்பம்: தாங்கள் கண்டதை நாலு பக்கமாவது எழுதி வையுங்கள். என் தகப்பனாரைப் போல் பதில் சொல்ல முடியாமல் எழுந்து போகும் நிலை இன்னொரு தகப்பனுக்கு வரவேண்டாம்.