அலைக்குக் காத்திருக்கும் எஞ்சின்

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு மோட்டார் படகைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். கடல் இங்கிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி. ஆனால் எங்கள் ஊர்க் கடைக்கு வரும் கடல்மீன், வண்டி ஏறுவதற்கு முன்பே ஒரு சிக்கலான இடத்தைத் தாண்டித்தான் வருகிறது. நடுக்கடலைச் சொல்லவில்லை. கரையை ஒட்டி அலை எழுந்து உடைகிறதே, அந்தச் சின்னப் பட்டையைச் சொல்கிறேன்.

சோழமண்டலக் கரை பெரும்பாலும் நேரான மணல் கரை. ஒதுங்க வளைகுடாக்கள் குறைவு. துறைமுகம் வருவதற்கு முன்பு சென்னைக்கு வந்த கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது மசூலா படகு. அதில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். மணலில் மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். ஒருவேளை கவிழ்ந்தால் ஆட்களை அள்ள, பக்கத்தில் கட்டுமரங்கள் துணைக்குப் போகும். 1881 நவம்பரில் அடித்த புயல், கட்டிக்கொண்டிருந்த சென்னைத் துறைமுகத்தின் சுவர்களையே உடைத்துப்போட்டது. கயிறும் மரமும் சமாளித்ததைக் கல்லால் சமாளிக்க முடியவில்லை.

இந்தக் கரைக்கு எஞ்சின் எப்படி வந்தது?

1952 அக்டோபரில் ஐ.நா., நார்வே, இந்தியா மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அடுத்த ஆண்டு கொல்லம் அருகே நீண்டகரை, சக்திகுளங்கரை கிராமங்களில் வேலை தொடங்கியது. குளிர்ந்த கடலில் மோட்டார் படகு ஓட்டிப் பழகியவர்களுக்கு நம் வெதுவெதுப்பான கடல் எளிதாக இருந்திருக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் உள்ளூர்ப் படகுகளில் எஞ்சினைப் பொருத்திப் பார்த்த முதல் முயற்சி சரிவரவில்லை. புதிய படகுகளையே வடிவமைக்க வேண்டியிருந்தது. நீண்டகரையில் அஷ்டமுடிக் காயலின் முகத்துவாரம் இருந்தது. அந்தப் படகுகள் ஒதுங்க இடம் கிடைத்தது. முகத்துவாரமே இல்லாத மணல் கரைக் கிராமத்துக்காரர் என்ன செய்வார்? அவர் தினமும் அலையைக் கிழித்துத்தான் போகவேண்டும், அலை மேல்தான் திரும்பவேண்டும்.

சாஃப்ட்வேர்க்காரன் பாஷையில் சொன்னால், அலை உடையும் அந்தப் பட்டைதான் இங்கே அடிப்படை ரிக்வயர்மென்ட். அதை விட்டுவிட்டு எவ்வளவு நல்ல படகு செய்தாலும் டெமோவோடு சரி.

இதே காலத்தில் பூமியின் இன்னொரு மூலையிலும் இதே பாடம் நடந்தது. 1962இல் வேல்ஸில், பிரிஸ்டல் கால்வாயின் கரையில், அட்லாண்டிக் காலேஜ் தொடங்கியது. குளிரும் கொந்தளிப்பும், உலகின் மிகப் பெரிய ஓத ஏற்ற இறக்கங்களில் ஒன்றும் சேர்ந்த கடல் அது. முதல் தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோர், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. பதினாறு, பதினேழு வயது மாணவர்கள் ரப்பர் படகில் கடல்மீட்புக்குப் போனார்கள். கரையில் இழுத்து இழுத்துப் படகின் அடித்துணி கிழிந்தது. அடியில் ப்ளைவுட் ஒட்டிப் பார்த்தார்கள். பல வருடச் சோதனைக்குப் பிறகு, அடிப்பாகம் கெட்டியாகவும் ஓரம் காற்றடைத்த குழாயாகவும் இருக்கும் படகு பிறந்தது. ஹோர் அதன் காப்புரிமையைப் பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்புக்கு 1 பவுண்டுக்குக் கொடுத்தார். 1972இல் வேலைக்கு வந்த அவர்களுடைய படகின் பெயர் அட்லாண்டிக் 21. உலகெங்கும் மீட்புப் படைகளிடம் இருக்கும் படகு வகை இது.

குளிர்கடலில் ஓட்டக் கற்பவருக்கு முதலில் சொல்லித்தருவது உடம்பைப் பற்றி. 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு. உறைகுளிர் நீரில் விழுந்தால், திணறும் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அதனால்தான் ஓட்டுபவரின் உடம்போடு எஞ்சினின் ஸ்விட்சை இணைக்கும் ஒரு கயிறு. அவர் தூக்கியெறியப்பட்டால் எஞ்சின் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே திரும்பி வரலாம்.

நம் கரையிலும் ப்ளைவுட் வந்தது. குமரி மாவட்டம் முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியக்காரர் மீனவர்களோடு சேர்ந்து சின்னப் படகுகளை உருவாக்கினார். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, பிசின் பூசி ஒட்டும் முறை. மசூலாவின் தையல் இன்னொரு பொருளில் திரும்பி வந்த மாதிரி! தன் அனுபவத்தை 1985இல் அவர் புத்தகமாக்கியபோது வைத்த தலைப்பின் பொருள், ‘சிறியது கடினம்’. ‘சிறியதே அழகு’ என்ற ஷூமாக்கரின் புகழ்பெற்ற தலைப்புக்கு ஒரு செல்லக் குட்டு. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும், கரையில் நேராக ஏறும் படகுகளுக்காக, மணல் தட்டும்போது ப்ரொப்பெல்லரை மேலே தூக்கிக்கொள்ளும் டீசல் அமைப்பை உருவாக்கியது. இந்த இரண்டு முயற்சிகளும் கரையலையை முதல் நிபந்தனையாக எடுத்துக்கொண்டவை.

படகு கிடைத்தாயிற்று. ஓட்டுவது? சின்ன அவுட்போர்டு எஞ்சினின் பிடி, பைக் ஆக்சிலேட்டர் மாதிரி முறுக்குவது. முறுக்கினால் போகும், அதுக்கு ஒரு நிமிஷம் போதும். கஷ்டமானது முறுக்காமல் இருப்பது. அலைகள் கூட்டமாக வரும். பெரியவை சில வந்து போன பிறகு ஓர் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளி வரும்வரை முகப்பை அலைக்கு நேராகப் பிடித்து நிற்கவேண்டும். ஏறும்போது விசை வேண்டும். உச்சியில் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் படகு பறந்து அடிவயிறு அறைய விழும், ப்ரொப்பெல்லர் காற்றில் அலறும். திரும்பும்போது இன்னும் மோசம். ஓர் அலையின் முதுகில் அமர்ந்து அதன் வேகத்திலேயே வரவேண்டும். முந்தினால் முகப்பு குத்தும், படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். பிந்தினால் பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏறும்.

கட்டுமரத்தில் போனவருக்கு இந்தக் காத்திருப்பு ஏற்கெனவே தெரியும். துடுப்பை வைத்துக்கொண்டு அலையோடு மல்லுக்கட்ட முடியாது. வாடையா, கச்சானா, கொண்டலா என்று காற்றின் பெயரைச் சொல்லியே அன்றைய கடலை அவர் கணித்துவிடுவார். எஞ்சின் கொண்டுவந்த ஆபத்து, இனி காத்திருக்கவேண்டாம் என்ற நினைப்பு. அதை அடக்கும் பழக்கத்தை எந்தக் கையேடும் அவருக்குத் தரவில்லை. அப்பாவோ சித்தப்பாவோ முன்னால் உட்காரவைத்துக் கொடுத்தார்கள். பிரிட்டனில் அடிப்படைப் படகோட்டப் பயிற்சி 2 நாள், முடிந்ததும் சான்றிதழ். இங்கே அது பல வருடம், எந்தக் காகிதமும் கிடையாது.

அந்தக் கைகள் நமக்குத் தேவைப்பட்டன. 2015 டிசம்பரில் சென்னையின் தெருக்களுக்குள் மீனவர்கள் படகோடு வந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் படகுகளை லாரியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். தெருவெள்ளம் கடல் இல்லைதான். நீருக்கடியில் மதில் இருக்கும், கேபிள் இருக்கும், ப்ரொப்பெல்லரில் துணி சுற்றும். ஆனால் எப்போது விசையைக் குறைப்பது என்று தெரிந்த கைதான் அங்கேயும் வேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் எங்கள் மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். டிசம்பர் 2 விடிவதற்கு முன் எங்கள் மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் போனது. விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. வெள்ளம் எங்கள் ஊர்ப் பக்கமிருந்து கடலுக்குப் போகிறது; அதில் படகு ஓட்டத் தெரிந்தவர்கள் கடலோரத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நாம் அவர்களை நாயகர்கள் என்று இரண்டு நாள் பாராட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். அதைவிட, ஒவ்வொரு உள்நாட்டு மாவட்டத்தின் பேரிடர்த் திட்டத்திலும் எந்தக் கடற்கரைக் கிராமத்தை அழைப்பது, படகை எந்த வழியாகக் கொண்டுவருவது, எரிபொருளையும் கூலியையும் காப்பீட்டையும் யார் தருவது என்று மழைக்காலத்துக்கு முன்பே எழுதிவைக்கலாம். அலைக்கு முன்னால் அவர்கள் காத்திருப்பது வேறு. அணை திறந்த பிறகு அவர்களைத் தேடிப் போன் நம்பர் கேட்டு நாம் காத்திருப்பது வேறு.