தளி வரை வந்த ஸ்மால்டாக்

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 2019 முதல் ஸ்கிராட்ச் இருக்கிறது. கர்நாடக எல்லையில் உள்ள தளியிலும் சரி, சென்னையிலும் சரி, பிள்ளைகள் நகர்த்துவது ஒரே பூனையைத்தான். அந்தப் பூனையின் பூர்வீகம் ஸ்மால்டாக்.

1972-ல் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஆலன் கே குழுவினர் குழந்தைகளை மனதில் வைத்து உருவாக்கிய மொழி அது. அதில் எல்லாமே ஆப்ஜெக்ட். 3 + 4 என்று எழுதினால், 3 என்ற ஆப்ஜெக்டுக்கு "4-ஐக் கூட்டிக்கொள்" என்று செய்தி போகும்! அடெல் கோல்ட்பர்க் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். திரையில் ஒரு பெட்டி. அதைத் திருப்பு, பெரிதாக்கு... இதுதான் முதல் பாடம். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி படம் வரையும் மென்பொருளே எழுதிவிட்டாள்.

ஆனால் எல்லோருக்கும் அப்படி வரவில்லை. இருப்பதை மாற்றத் தெரிந்த பலருக்குப் புதிதாக ஒன்றைத் திட்டமிட வரவில்லை. கே இதைப் பின்னாளில் மறைக்காமல் எழுதினார். ஸ்மால்டாக்-80 வந்தபோது அது பெரியவர்களின் மொழியாகிவிட்டது.

1996-ல் கே, டான் இங்கால்ஸ் முதலானோர் ஆப்பிளில் ஸ்குவீக் என்ற பெயரில் அதைத் திரும்பவும் குழந்தைகளிடம் கொண்டுவந்தார்கள். 2007-ல் எம்ஐடி வெளியிட்ட ஸ்கிராட்ச்சின் முதல் பதிப்பு எழுதப்பட்டது அந்த ஸ்குவீக்கில்தான். தளிப் பிள்ளை கணினி அறிவியல் எடுத்தால் பிளஸ் ஒன்னில் சி++ வந்துவிடும். அங்கே 3 வெறும் எண்தான்.