மராமத்தும் ராஜியும்: கட்டடச் சச்சரவுகளில் இசுலாமியத் தீர்வுநெறி – நெய்யாற்றின்கரை எல்லைப்பகுதியை முன்வைத்து

முன்னுரை

நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த திருப்புறம், பாறசாலை முதலிய ஊர்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் நிகழ்ந்த மாநிலச் சீரமைப்பின்போது கேரளத்தோடு நின்றவை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அந்நாளில் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் வீடு கட்டும் இடத்தில் நின்று பேச்சைக் கேட்பவர்க்கு ஒரு செய்தி புலப்படும். கொடுபடாத கூலி ‘பாக்கி’. பேசிக்கொண்ட நிபந்தனை ‘சரத்து’. வேலை நின்றுபோனால் ‘தகராறு’. வழக்குமன்றம் ஏறினால் ‘தாவா’, ‘வக்கீல்’, ‘ஜாமீன்’. இருதரப்பாரும் ஒத்துப்போனால் ‘ராஜி’. பழுதுபார்ப்பு ‘மராமத்து’, கேரளத்தில் பொதுப்பணித் துறையின் பெயரே பொதுமராமத்துத் துறை என்பதாகும். இவையனைத்தும் அரபு மூலமுடையவை. பாரசீகம், இந்துசுத்தானி ஆகியவற்றின் வழியே ஆட்சிமொழியில் புகுந்து தமிழுக்கு வந்தவை. ‘தகராறு’ என்பதன் மூலச்சொல்லுக்கு ‘திரும்பத் திரும்பக் கூறல்’ என்று பொருள். சச்சரவின் இயல்பை இதனினும் சுருக்கமாக உணர்த்தும் சொல் கிடைப்பது அரிது.

சொல் வந்ததால் சட்டமும் உடன்வந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், இச்சொற்களுக்குப் பின்னே ஒரு நீண்ட சட்டச் சிந்தனை உள்ளது. அச்சிந்தனை கட்டடத் தொழிலின் பூசல்களை எவ்வாறு நோக்கிற்று, இப்பகுதித் தொழிலாளர்க்கு அதனால் விளைவது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கஅபாவின் மீள்கட்டுமானம்

இசுலாமிய வரலாற்றின் புகழ்பெற்ற நடுவர் தீர்ப்பு ஒரு கட்டுமானக் களத்தில் நிகழ்ந்தது என்பது எண்ணத்தக்கது. கி.பி. 605ஆம் ஆண்டையொட்டிக் குறைசிகள் கஅபாவை இடித்துக் கட்டினர். கரையொதுங்கிய கப்பலொன்றின் மரம் கூரைக்குப் பயன்பட்டது. சுவர்ப்பணி குலங்களிடையே பகிர்ந்தளிக்கப்பட்டது. கருங்கல்லை அதன் இடத்தில் வைக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி எழுந்தபோது பணி நின்றது. குருதி சிந்தும் நிலையும் ஏற்பட்டது. அடுத்து வாயில் வழியே நுழைபவரை நடுவராகக் கொள்வது என உடன்பட்டனர். நுழைந்தவர் முகம்மது, அப்போது அவர் நபித்துவம் பெறாதவர், அகவை முப்பத்தைந்து. துணியொன்றை விரித்து அதன்மேல் கல்லை வைத்து, குலத்தலைவர்களைத் துணியின் ஓரங்களைப் பற்றித் தூக்கச் செய்து, தம் கையால் கல்லைப் பொருத்தினார். உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்துக் காண்டத்தில் கஃபத்துல்லா வரலாற்றுக்குத் தனிப்படலமே வகுத்துள்ளமை தமிழ் மரபில் இந்நிகழ்வுக்கு அண்டிய செய்திகள் பெற்ற இடத்தைக் காட்டும்.

இந்நிகழ்ச்சியில் தீர்ப்பைவிட, தீர்ப்புக்கு முந்தைய உடன்பாடே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. நடுவர் யார் என அறியும் முன்னரே அவருக்குக் கட்டுப்படுவது என இருதரப்பாரும் ஒப்பினர். பிற்காலத்துச் சட்டநூலார் ‘தஹ்கீம்’ எனக் குறிக்கும் நடுவர்முறை இவ்வொப்புதலின்மீதே நிற்கிறது. நடுவரை நாடாமல் தரப்பினர் தமக்குள் விட்டுக்கொடுத்து முடிப்பது ‘சுல்ஹ்’ ஆகும். ராஜி என நாம் வழங்குவதற்கு நெருங்கியது இதுவே.

சுவரும் கூரையும்

கேரளக் கடலோர முஸ்லிம்களும் தமிழகக் கடலோரத்தில் பலரும் சாஃபி நெறியினர். 16ஆம் நூற்றாண்டில் பொன்னானியைச் சார்ந்த ஜைனுத்தீன் மக்தூம் இயற்றிய ‘ஃபத்ஹுல் முஈன்’ இந்நெறியின் பாடநூலாக மலபாருக்கு அப்பாலும் பரவியது. இந்நெறியின் சட்டநூல்களில் சுல்ஹ் இயலைப் புரட்டுபவர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. கடன் விட்டுக்கொடுத்தலில் தொடங்கும் அவ்வியல் விரைவில் வீடு, சுவர், தெரு ஆகியவற்றின் பூசல்களுக்குள் சென்றுவிடுகிறது. 1277இல் மறைந்த நவவியின் ‘மின்ஹாஜ்’ பொதுத்தெருவின்மேல் மாடத்தை நீட்டுவோர்க்கு அளவு கூறுகிறது: நிமிர்ந்து நடப்பவர் தலை இடியாமல் செல்லவேண்டும், வணிகச்சாத்து செல்லும் வழியாயின் பல்லக்குச் சுமந்த ஒட்டகம் கடந்து செல்லும் உயரம் வேண்டும். அளவு முழக்கோலால் அன்று, வழிப்போக்கரால் வரையறுக்கப்படுகிறது.

அண்டைவீட்டார் சுவரில் உத்தரம் பொருத்தும் உரிமை மற்றொரு சிக்கல். அண்டையார் மரம் பதிப்பதைத் தடுக்கலாகாது எனும் கருத்துடைய நபிமொழி உண்டு. அதனை அடியொற்றி, சுவருடையாரை இசையச் செய்யலாம் என்பது இமாம் சாஃபியின் முந்தைய கருத்து. அவரது பிந்தைய கருத்து அவ்வாறு கட்டாயப்படுத்த இயலாது என்கிறது. ஒரே அறிஞரின் இரு கருத்துகளும் பாதுகாக்கப்பட்டு இன்றும் பயிலப்படுவது, இச்சட்டமரபு தன் ஐயத்தை மறைக்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

மாலிக்கி நெறியில் இத்துறை தனிநூலாகவே வளர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் தூனிசில் வாழ்ந்த இப்னு ராமி கட்டடவிதிகளைத் தொகுத்தார். அவர் கொத்துவேலை அறிந்தவர். சுவரின் பழுதையும் சேதத்தின் காரணத்தையும் நேரிற் கண்டு காஜியாருக்கு உரைத்தவர். ஏட்டறிவும் கரண்டியும் ஒரு கையில் சேர்ந்த இத்தகையோர் சட்ட வரலாற்றில் மிகச் சிலரே.

ஒப்பந்தத்தின் பெயர்

வீடு கட்டித்தரும் ஒப்பந்தம் எவ்வகையைச் சார்ந்தது? ஹனஃபி நெறியினர் ‘இஸ்திஸ்னா’ என்ற வகையை ஏற்றனர். இன்னது செய்து தருக எனப் பணித்துச் செய்விப்பது அது. செய்துமுடித்த பொருளைக் கண்டபின் மறுக்கும் உரிமை பணித்தவருக்கு உண்டு என்றார் அபூஹனீஃபா. பேசிய விவரப்படி அமைந்திருப்பின் மறுக்கலாகாது என்றார் அவர் மாணவர் அபூயூசுஃப். 1869 முதல் 1876 வரை உசுமானியப் பேரரசு தொகுத்த ‘மஜல்லா’ 392ஆம் விதியில் மாணவரின் பக்கம் நின்றது. தொழில் பெருகிய காலத்தில் செய்தவன் உழைப்பு வீணாதல் கூடாது என்பதே இதன் உட்கிடையாகலாம். சாஃபி நெறியினர் இவ்வகையைத் தனித்து ஏற்கவில்லை. கூலி ஒப்பந்தம், முன்பணக் கொள்முதல் ஆகியவற்றின் விதிகளுக்குள்ளேயே அதனை அடக்கினர். கூலிக்கு மட்டும் பேசும் ‘லேபர் கண்ட்ராக்ட்’, பொருளும் சேர்த்துப் பேசும் ‘ஃபுல் கண்ட்ராக்ட்’ என நம் ஊர்களில் வழங்கும் பிரிவும் ஏறத்தாழ இவ்வேறுபாட்டையே சுட்டுகிறது. 1992இல் ஜித்தாவில் கூடிய அனைத்துலக இசுலாமிய ஃபிக்ஹ் பேரவை இஸ்திஸ்னாவை இருதரப்பையும் பிணிக்கும் ஒப்பந்தமாக ஏற்றது. 2000இல் ரியாதில் கூடியபோது, காலந்தாழ்த்தும் ஒப்பந்தக்காரர்மீது தண்டத்தொகை விதிப்பதை அது ஏற்றது. கொடுக்கவேண்டிய பணக்கடன் தாழ்ந்தமைக்குத் தண்டம் விதித்தால் அது வட்டியாகும் என மறுத்தது. கொத்தனாரின் தாமதத்துக்குத் தண்டம் உண்டு; கூலி தாமதமானால் அதற்கு இல்லை என்ற ஏற்றத்தாழ்வு இதனால் விளையக்கூடும். கூலியைத் தாமதியாது கொடுக்க வற்புறுத்தும் நபிமொழி இருந்தும், இவ்விடைவெளி போதிய அளவு ஆராயப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வளைகுடாவில் வழங்குவன யாவும் ஷரீஅத் எனக் கருதுவதும் பிழை. கட்டடம் இடிந்தால் ஒப்பந்தக்காரரும் பொறியாளரும் பத்தாண்டு பொறுப்பு என்னும் விதி 1948ஆம் ஆண்டின் எகிப்தியக் குடிமைச் சட்டத்தின் 651ஆம் பிரிவில் அமைந்து அரபு நாடுகளுக்குப் பரவிற்று. அதன் வேர் 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டத்தில் உள்ளது.

மறுப்பின்மீதான ராஜி

சுல்ஹ் இயலின் கூர்மையான விவாதம் ஒன்றுண்டு. ‘உனக்கு நான் தரவேண்டியது உண்மை, சிறிது குறைத்துக்கொள்’ என்று ஒப்புக்கொண்டவன் வேண்ட, மற்றவன் மனமுவந்து குறைப்பது எல்லா நெறியினர்க்கும் உடன்பாடு. ‘நான் தரவேண்டியது ஏதுமில்லை, ஆயினும் இதை வாங்கிக்கொண்டு போ’ என மறுத்துக்கொண்டே முடிக்கும் ராஜியை ஹனஃபி, மாலிக்கி, ஹம்பலி நெறியினர் ஏற்பர். சாஃபி நெறி அதனைச் செல்லாது என்கிறது. உரியது உண்மையாயின் உரியவன் இழக்கிறான்; பொய்யாயின் மற்றவன் வீணே கொடுக்கிறான்; இரண்டும் பிறர்பொருள் கவர்தலே என்பது அதன் வாதம்.

இவ்விவாதம் ஏட்டளவினதன்று. 1973இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் இத்தென்கோடியினின்றும் கொத்தனார்களும் தச்சர்களும் கம்பி கட்டுவோரும் வளைகுடா சென்றனர். கட்டட நிறுவனமாகிய சௌதி ஓஜர் 2016இல் நெருக்கடியில் வீழ்ந்தபோது ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர் மாதக்கணக்கில் ஊதியமின்றித் தவித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் இந்திய இணையமைச்சர் வி.கே.சிங் அங்குச் சென்றார். நிறுவனம் 2017இல் இயக்கத்தை நிறுத்தியது. சௌதியில் தொழிலாளர் வழக்கு முதலில் இணக்கத் தீர்வுக்குச் சென்று, பின்னரே 2018இல் அமைந்த தொழிலாளர் நீதிமன்றங்களை அடையும். கத்தாரில் அதே ஆண்டு இயங்கத் தொடங்கிய தகராறுத் தீர்வுக் குழுக்களுக்கு மூன்று வாரக் கெடு விதிக்கப்பட்டது. இணக்க முயற்சி நல்லதே. ஆனால் ஊர் திரும்பப் பயணச்சீட்டுக்குக் காத்திருப்பவனும் அவனைப் பணியமர்த்தியவனும் அமரும் மேசையில், பாதிக் கூலிக்கு இடும் கையெழுத்தை உவப்பு எனல் எங்ஙனம்? கடுமையானதாகத் தோன்றும் சாஃபி விதியே இவ்விடத்து எளியவன் பக்கம் நிற்கிறது. நெகிழ்வே நீதி என எண்ணுவோர் இதனைக் கருதவேண்டும்.

அவ்வாறு சென்று மீண்டவரே ஊரில் வீடு கட்டுகையில் கூலி கொடுப்பவராக மாறுகிறார் என்பதும் மறத்தற்குரியதன்று. அவர்க்கும் கொத்தனார்க்கும் இடையே பூசல் நேரின், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே பொருந்தும். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் திருமணம், வாரிசுரிமை போன்றவற்றைச் சுட்டுகிறதேயன்றி ஒப்பந்தத்தைச் சுட்டவில்லை. ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை இல்லை என உச்சநீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது. ஆதலின் ஜமாஅத்தார் கூறும் முடிவு, இருவரும் இசையும் வரையிலேயே நிற்கும். நடுவர் தீர்ப்பாக அதனை நிலைநிறுத்த 1996ஆம் ஆண்டின் சட்டம், 7ஆம் பிரிவின்படி, எழுத்தாலான உடன்படிக்கையைக் கேட்கிறது. கடனை எழுதிச் சான்று வைக்குமாறு குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 282ஆம் வசனமும் பணிக்கிறது. நம் பகுதியில் சதுர அடிக் கணக்கோ பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே முடிந்து, அட்வான்சு கைமாறியதும் வானம் தோண்டத் தொடங்கிவிடுகின்றனர்.