தாளம் கொடுத்தோரின் பெயர்கள்

பாடியவரை வரலாறு நினைவிற்கொள்கிறது. உடன் வாசித்தவரை எளிதில் மறந்துவிடுகிறது. சமூக அநீதியைக் கண்டித்து எழுந்த இரு இசை முயற்சிகளை இந்நோக்கில் ஆராய்வோம்.

போதகர் ஒருவரின் மகனாகிய மார்வின் கேய், அமெரிக்காவின் டெட்ராயிட் நகரிலிருந்த மோடவுன் நிறுவனத்தின் வாயிலாக 1971 மே மாதத்தில் 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். வியட்நாம் போரையும் நகர்ப்புற வறுமையையும் குறித்து அது பேசிற்று. ஜேம்ஸ் ஜேமர்சன் முதலிய ஒலிப்பதிவுக்கூடக் கலைஞர்கள் அந்நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு வாசித்திருந்தும், அவர்தம் பெயர்கள் இத்தட்டின் உறையில்தான் முதன்முறையாக அச்சேறின. எனினும் 1972இல் நிறுவனம் லாஸ் ஏஞ்சல்சுக்குப் பெயர்ந்தபோது அவர்களுள் பலர் வேலையிழந்தனர். பெயர் கிடைத்தது, பிழைப்புப் போயிற்று.

தமிழகத்தில் இதனோடு ஒப்பிடத்தக்கது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இதனை உருவாக்கினர். 'சாதியற்ற தமிழர்' என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் (1845-1914) கருத்தினின்றே இப்பெயர் பிறந்தது. 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் பத்தொன்பது கலைஞர் முதன்முதலாக மேடையேறினர். இடஒதுக்கீட்டையும், மனிதர் கையால் மலம் அள்ளும் கொடுமையையும் பாடினர். பின்னர் 'மகிழ்ச்சி' என்னும் இசைத்தொகுப்பும் வெளிவந்தது.

இங்கே நாம் கருதத்தக்கது யாதெனில், வடசென்னைச் சாவு வீடுகளில் வளர்ந்த கானாவும், தீட்டென ஒதுக்கப்பட்ட பறையும், சட்டியும், கட்டமோளமும் கித்தாருக்குப் பின்னால் மறைக்கப்படவில்லை. ஒரே மேடையில், ஒரே உடையில், வாசித்தவரும் பாடியவரும் சமமாய் நின்றனர்.

திருச்சபைக்கும் இதில் பங்குண்டு. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோப்பிலஸ் அப்பாவு (1940-2005), நாட்டுப்புற இசையை வழிபாட்டிற்குள் கொணர அந்நாளிலேயே பாடுபட்டார். ஆயினும், செட்டிகுளம் போன்ற நம் சிற்றூர்களில் துக்க வீட்டிற்குப் பறையை அழைப்போர், அடித்தவரின் பெயரைக் கேட்பதுண்டோ? அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாது கொடுப்பதுண்டோ?

பறையை ஆலயத்திற்குள் ஏற்பது எளிது. அதனை அடிப்பவரைப் பந்தியில் அருகே அமர்த்துவதே கடினம். டெட்ராயிட் கலைஞரின் வரலாறு நமக்குக் கற்பிப்பதும் இதுவே: பெயரைப் பொறிப்பது நீதியின் தொடக்கம் மட்டுமே, உரிய ஊதியமும் சம இருக்கையும் சேர்ந்தாலன்றி அது நிறைவடையாது.