குறியா, வரிசையா? பாலிகோம்ப் அடக்கமும் செல்லின் நினைவும்

பழ ஈயின் கருவில் எந்த உடற்கண்டத்தில், கண்டங்களின் அடையாளத்தைத் தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்களில் எது இயங்கவேண்டும் என்பதை ஹன்ச்பேக் போன்ற புரதங்கள் முதல் சில மணி நேரத்திலேயே தீர்மானித்துவிட்டு மறைந்துவிடுகின்றன. தீர்மானம் மட்டும் பல செல் பிரிவுகளைக் கடந்தும் நிலைக்கிறது. அதில் அடக்கத்தைக் காப்பவை குரோமாட்டினில் அமரும் பாலிகோம்ப் தொகுதிப் புரதங்கள். பாலிகோம்ப் இழந்த கருவில் உடற்கண்டங்கள் எட்டாம் வயிற்றுக் கண்டத்தின் சாயலைப் பெறுவதை எட்வர்ட் லூயிஸ் 1978இல் விளக்கினார். அடங்கியிருக்கவேண்டிய மரபணுக்கள் கட்டவிழ்ந்ததே அதற்குக் காரணம்.

பாலிகோம்ப் தொகுதியைச் சேர்ந்த பி.ஆர்.சி.2 என்ற புரதக் கூட்டு, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களுள் ஒன்றான எச்3 ஹிஸ்டோனின் 27ஆம் லைசினில் மெத்தில் தொகுதிகளைச் சேர்க்கிறது என்பது 2002இல் தெரியவந்தது. டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரு சேய் இழைகளுக்கும் பிரிந்து செல்வதால், அந்தக் குறியே நினைவு என்ற கருத்து வேகமாகப் பரவியது. அதில் பாதிதான் உண்மை என்பது இக்கட்டுரையின் வாதம்.

குறி இன்றியமையாதது என்பதில் இன்று ஐயமில்லை. குறியைச் சேர்க்கும் பி.ஆர்.சி.2 நொதியை நீக்கினால் அடக்கம் குலைகிறது என்பது மட்டும் சான்றாகாது. நொதிக்கு வேறு வேலைகளும் இருக்கலாம். 2013இல் யூர்க் முல்லர் குழுவினர் ஹிஸ்டோனையே மாற்றினர். ஈயின் ஹிஸ்டோன் மரபணுக்கள் ஏறத்தாழ நூறு படிகளாக ஒரே இடத்தில் அடுக்கியிருப்பதால் அவற்றை மொத்தமாக நீக்க முடிந்தது. பதிலாக, 27ஆம் இடத்தில் லைசினுக்கு மாற்றாக ஆர்ஜினின் கொண்ட எச்3-ஐ வைத்தனர். நொதி பழுதின்றி இருந்தும் ஹாக்ஸ் மரபணுக்கள் கட்டவிழ்ந்தன. இதைவிட நேரடியான சோதனையை எண்ணிப்பார்ப்பது கடினம். மாறாக, எச்2ஏ ஹிஸ்டோனில் பி.ஆர்.சி.1 என்ற மற்றொரு பாலிகோம்ப் கூட்டு சேர்க்கும் யுபிக்விட்டின் குறியை இதே முறையில் தடுத்தபோது அம்மரபணுக்கள் அடங்கியே இருந்தன. எல்லாக் குறிகளும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல.

ஆனால் குறி தனித்து நிற்குமா? 2017இல் இரு குழுக்கள், பாலிகோம்ப் புரதங்களை ஈர்க்கும் பி.ஆர்.இ. என்ற டி.என்.ஏ. வரிசையை, அடக்கம் நிலைபெற்ற பின் வெட்டி நீக்கின. மெத்தில் குறி உடனே மறையவில்லை. பிரிவுக்குப் பிரிவு நீர்த்துக் குறைந்தது, பின்பு மரபணு விழித்தது. சில பிரிவுகள்வரை குறி தாங்கியதே, அது நினைவில்லையா என்று கேட்கலாம். தாங்குவது வேறு, புதிய ஹிஸ்டோன்களில் மீண்டும் எழுதப்படுவது வேறு. வரிசையின்றி அந்த எழுத்து தொடர்வதில்லை.

வரிசையும் தனியாக எதையும் நினைவில் கொள்வதில்லை. யு.பி.எக்ஸ். என்ற ஹாக்ஸ் மரபணு இயங்கும் செல்களிலும் அதன் பி.ஆர்.இ.யில் பாலிகோம்ப் புரதங்கள் அமர்ந்தே இருக்கின்றன. வேறுபாடு, மரபணுவின் தொடக்கப் பகுதியிலும் குறியீட்டுப் பகுதியிலும் படரும் மும்மெத்தில் குறியில்தான் உள்ளது. எந்த இடம் என்பதை வரிசை சொல்கிறது. எந்த நிலை என்பதைக் குறி சொல்கிறது.

பாலூட்டிகளில் ஈயின் பி.ஆர்.இ. போன்று தெளிவான வரிசைகள் அரிது, அங்கே பி.ஆர்.சி.2 பெரும்பாலும் டி.என்.ஏ.வில் மெத்தில் ஏறாத, சி.பி.ஜி. தீவுகள் எனப்படும் பகுதிகளில் கூடுகிறது. ஆகவே ஈயின் முடிவை அப்படியே மனிதச் செல்லுக்கு ஏற்றுவது தவறு. அதேபோல், வரிசையைச் சாராத மரபுரிமை என்று ஹிஸ்டோன் குறிகளைப் பொதுவாக எழுதுவோர், அந்தந்த மரபணுவில் ஈர்ப்பு வரிசையை நீக்கிப் பார்த்த பிறகே அப்படி எழுதவேண்டும்.